மழையங்கி கண்ட மாக்கின்டாஷ்

ஒரு பொருளின் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொரு பொருளுக்குத் தொன்றுதொட்டு வழங்கி வருமாயின் அதனை ஆகுபெயர் என்பர் இலக்கண நூலார். ஆகுபெயர் பல வகைப்படும். அவற்றுள் கருத்தாவாகுபெயர் என்பது ஒன்று. ஒருவன் வள்ளுவரைப் படித்தான் என்னுமிடத்து, அவனாற் படிக்கப்பட்டது வள்ளுவர் இயற்றிய நூலே ஆகும். நூலைச் செய்த கருத்தாவின் பெயர் நூலுக்கு ஆகி நின்றது. இவ்வழக்குத் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மழையில் உடல் நனையாதவாறு உடையின்மேல் அணிந்துகொள்ளும் அங்கியை ஆங்கிலேயர் மாக்கின்டாஷ் என வழங்குவர். சுருக்கமாக மாக் என்றலும் உண்டு. அது மரத்தின் பெயரோ ஊரின் பெயரோ அன்று. சார்லஸ் மாக்கின்டாஷ் என்னும் அறிஞர் ஒருவரின் பெயர். அவர் தையற்காரர் அல்லர்; ஆடை வணிகரும் அல்லர். சாயத் தொழிலிடையே வளர்ந்த ஓர் இரசாயன நூல் வல்லுநர் அவர். அத்தகையவரின் பெயர் ஓர் உடைக்குப் பெயரான வரலாறு அறிதற்குரியது.

முதற்கண் அப்பெயரின் பொருளைக் காண்போம். ஸ்காட்லாந்து நாட்டின் வடபால் உள்ள மலைநாட்டு மக்களின் பழைய மொழி கேலிக் என்பது. அம்மொழியில் மாக் என்றால் மகன். தோஷக் என்றால் தலைவன். தலைவன் மகன் என்னும் பொருளுடைய தொடரே மாக்கின்டாஷ் எனத் திரிந்து ஒரு குலத்தின் பெயராயிற்று. மாக் என்பதும் மகன் என்பதும் ஒலியால் ஒத்திருத்தல் கண்டு, இரண்டும் ஒரு மூலத்தின எனக் கூறுவார் இருப்பின், மாணவர் அதனை நம்புதல் வேண்டா. கேலிக்கின் இனம் வேறு. தமிழின் இனம் வேறு. அவ்வொப்புமை தற்செயலாய் அமைந்ததே.

அக்குலத்திற் பிறந்த ஜார்ஜ் மாக்கின்டாஷ் என்பவர் மலைநாட்டினின்றும் போந்து, கிளைடு ஆற்றங்கரையிலுள்ள கிளாஸ்கோ நகரில் தொழில் நடத்தினார். அவருடைய மனைவியார் மேரி மூர் என்னும் பெருமாட்டியார். பிற்காலத்தில் ஸ்பெயின் நாட்டுக் கொருன்னாப் போரில் 1809-இல் உயிர் நீத்த படைத்தலைவர் சர் ஜான் மூர் இவ்வம்மையாரின் உடன்பிறந்தார் மகனாவார். ஜார்ஜுக்கும் மேரிக்கும் 1766-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் பிறந்த மைந்தரே சார்லஸ்.

சார்லஸ் பதினோராம் வயதை எட்டும் தறுவாயில், 1777-இல், தந்தையார் கிளாஸ்கோவில் ஒரு சாயத் தொழிற்சாலை நிறுவினார். அங்குச் செய்யப்பட்ட சாயம் கட்பேர் என்பது. பாறைகளின்மேற் படரும் கற்பாசியைத் திரட்டி, அம்மோனியா நீரில் ஊறவைத்துப் பக்குவம் செய்தால் சிவப்புக் கலந்த ஊதா நிறம் கிட்டும். இம்முறையைக் கண்டவர் கத்பர்ட் கோர்டன் என்னும் ஸ்காட்லாந்தினர். கத்பர்ட் என்னும் பெயரே கட்பேர் எனத் திரிந்து சாயத்திற்கு ஆயிற்று. ஆளின் பெயர் பொருளுக்கு ஆகும் வழக்கைச் சார்லஸ் தம் இளமையிலேயே தந்தையின் தொழிற்சாலையிற் கண்டார் என்க.

அத்தொழிற்சாலையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். செய்முறை வெளியாருக்குப் புலனாகாதவாறு அதனைச் சுற்றிப் 10 அடி உயரமுள்ள மதில் எழுப்பப்பட்டிருந்தது. வேலையாட்கள் பெரும்பாலும் கேலிக் மொழி பேசும் மலைநாட்டார். நகர மொழி அறியாதார் மறையை வெளியிடல் அரிது என்பது உரிமையாளரின் எண்ணம். அம்மோனியாவுக்கு அந்நாளில் வழி யாது? நகரத்து வீடுதோறும் சென்று சிறுநீரைத் திரட்டி, அதிலிருந்தே அதனைப் பெற்றனர். கேட்பார் முகஞ்சுளிக்கலாம். ஆயின், பிறர் கழித்து ஒதுக்கும் பொருளிலிருந்து தனக்கு வேண்டுவதைப் பிரித்துக்கொள்ளும் கலை அத்தொழிலின் உயிராய் இருந்தது. அக்கலையே சார்லஸின் வாழ்க்கை முழுவதையும் நடத்திச் சென்றது. தந்தையார் பின்னர் 1785-இல் டேவிட் டேல் என்பவரோடு கூடித் துருக்கிச் சிவப்பு என்னும் சாயத் தொழிலையும் கிளாஸ்கோவில் தொடங்கினார்.

மகனை வணிகராக்கவே தந்தை விரும்பினார். ஆதலின் சார்லஸ் ஒரு வணிகரின் கணக்கறையில் எழுத்தராக அமர்ந்தார். பகலெல்லாம் கணக்கு எழுதினார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இரசாயனம் பயின்றார். கிளாஸ்கோவில் வில்லியம் இர்வின் என்பாரின் சொற்பொழிவுகளையும், எடின்பரோவில் புகழ்பெற்ற ஜோசப் பிளாக்கின் சொற்பொழிவுகளையும் கேட்டார். நீர் ஆவியாகும்போது உட்கொள்ளும் மறைவெப்பத்தை உலகிற்கு உணர்த்தியவர் பிளாக். அவர்பால் கற்ற கல்வி, கணக்கேட்டில் சார்லஸின் மனம் ஒன்றாதவாறு செய்துவிட்டது. இருபது வயது நிரம்புமுன்னரே எழுத்தர் வேலையைத் துறந்து இரசாயனப் பொருள்கள் செய்யும் தொழிலில் இறங்கினார்.

நவச்சாரம், ஈயச் சர்க்கரை முதலியவற்றை அவர் முதலிற் செய்தார். ஈயச் சர்க்கரை செய்யும் தொழில் அதுகாறும் ஹாலந்து நாட்டிற் சிறந்திருந்தது. அதனை அவர் தம் நாட்டிற்குக் கொணர்ந்தார். சாயம் துணியிற் பற்றி நிற்றற்குப் படிகாரம் இன்றியமையாதது. கிளாஸ்கோவிற்கு அணித்தே ஹர்லெட் என்னும் இடத்தில் நிலக்கரி எடுத்துக் கைவிடப்பட்ட பழஞ்சுரங்கங்கள் இருந்தன. அங்கே கழிவாகக் கிடந்த மட்கற்கள் காற்றுப் பட்டுப் பொடிந்து உதிர்ந்தன. அவற்றிலிருந்து படிகாரம் எடுக்கலாம் என்று கண்டு, 1797-இல் தம் கூட்டாளிகளோடு ஸ்காட்லாந்தின் முதற் படிகாரத் தொழிற்சாலையை அமைத்தார்.

அக்காலத்தில் துணியை வெளுத்தல் எளிய செயலன்று. நெய்த துணியைப் புல்வெளியில் விரித்து, வெயிலிற் காயவைத்தும், காரநீரிலும் புளித்த மோரிலும் மாறி மாறித் தோய்த்தும் திங்கட்கணக்கிற் காத்திருப்பர். குளோரின் என்னும் வாயு சில மணி நேரத்தில் துணியை வெளுக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கண்டிருந்தனர். ஆனால் அவ்வாயு மூச்சை அடைக்கும் கொடுமை வாய்ந்தது. ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லவும் இயலாதது. சார்லஸ் டெனன்ட் என்பவரும் மாக்கின்டாஷும் கூட்டாளிகளாய் இருந்து, நீற்றின சுண்ணாம்பில் குளோரினைச் செலுத்தி உலர்ந்த தூளாக்கும் முறையை உருவாக்கினர். மூட்டையிற் கட்டி எங்கும் அனுப்பத்தக்க வெளுப்புத் தூள் பிறந்தது. 1799-இல் அதற்குரிய காப்புரிமை டெனன்ட் பெயரிற் பெறப்பட்டது. தூளைக் கண்டதில் மாக்கின்டாஷின் பங்கே பெரிது என்பது அறிஞர் பலர் கருத்து. எனினும் பெயர் டெனன்டுக்கே உரியதாயிற்று. செய்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்னும் நிலை உலகில் அரிதன்று. இவ்வாறு ஒருகால் பெயரிழந்த இவரே பின்னர்ப் பிறர் உழைப்பும் கலந்த ஒன்றிற்குத் தம் பெயரை ஈந்தவரானார்.

கிளாஸ்கோ நகரில் 1817-இல் வாயு விளக்குக் குழுமம் ஒன்று தோன்றியது. நிலக்கரியைக் காற்றுப் புகாத கலங்களில் இட்டுச் சூடேற்றினால் எரிவாயு வெளிப்படும். அதனைக் குழாய்களின் வழியே செலுத்தித் தெருவிளக்குகளை ஏற்றினர். வாயு பிரிந்தபின் எஞ்சுவன கரிய கீலும் அம்மோனியா கலந்த நீருமாகும். அவற்றை எங்கே கொட்டுவது என்று அறியாது குழுமத்தார் இடர்ப்பட்டனர். மாக்கின்டாஷோ 1819-இல் அக்கழிவுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்தார். அவர் நாடியது அம்மோனியாவையே. கட்பேர்ச் சாயத்திற்கு வேண்டிய அம்மோனியா இனி வீடுதோறும் திரட்டாமலே ஓரிடத்திற் கிடைக்கும் அன்றோ? கீல் அதனோடு உடன்வந்தது. வந்ததை வீணாக்க மனமின்றி அதனைக் காய்ச்சி வடித்தார். எளிதில் ஆவியாகும் எண்ணெய் போன்ற நீர்மம் ஒன்று இறங்கிற்று. அதுவே நாப்தா. இதனால் யாது பயன் என்று ஆராயத் தொடங்கிய அவர், அது இரப்பரைக் கரைக்கும் என்பதைக் கண்டார்.

இரப்பரின் முன் வரலாறு ஈண்டு வேண்டற்பாலது. அது தென் அமெரிக்கக் காடுகளில் வளரும் மரத்தின் பால். ஐரோப்பியர் அதனை அறியுமுன்னரே அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அப்பாலைத் துணியிற் பூசி நீர் புகாத உடையும் காலணியும் செய்துகொண்டனர். மழையங்கியின் மூலக் கருத்து அம்மக்களுடையதே என்பதை மறத்தல் ஆகாது. பிரெஞ்சு அறிஞர் லா கொண்டமின் 1736-இல் அப்பொருளைப் பாரிசு நகருக்கு அனுப்பினார். ஆயின் கடல் கடந்து வரும்போது பால் உறைந்து கட்டியாகிவிடும். உறைந்த கட்டியைத் துணியிற் பூசுவது எங்ஙனம்? காகிதத்தில் எழுதிய கரிக்கோல் எழுத்தைத் தேய்த்து அழித்தற்கு அது பயன்படும் என்று 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்தார். தேய்ப்பது என்னும் பொருளிலேயே இரப்பர் என்னும் ஆங்கிலப் பெயர் அதற்கு வாய்த்தது. 1791-இல் சாமுவேல் பீல் என்பவர் கர்ப்பூரத் தைலத்தில் இரப்பரைக் கரைத்துத் துணியிற் பூசக் காப்புரிமை பெற்றார். ஆனால் அப்பூச்சுச் செவ்வனே உலராமையால் அம்முறை நிலைபெறவில்லை.

இவ்விடத்தில் மற்றொருவரையும் குறிப்பிடுதல் முறையாகும். எடின்பரோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஜேம்ஸ் சைம் என்னும் மாணவர், இருபது வயதும் நிரம்பாத பருவத்தில், கீலிலிருந்து வடித்த நீர்மம் இரப்பரைக் கரைக்கும் என்று கண்டு 1818-இல் அறிவியல் இதழொன்றில் வெளியிட்டார். காலத்தால் முற்பட்டவர் அவரே. எனினும் மருத்துவத்திலேயே அவர் கருத்து ஊன்றி நின்றமையால் காப்புரிமை நாடவில்லை. பிற்காலத்தில் சிறந்த அறுவை மருத்துவராய் விளங்கினார். புண்ணைச் சீழ்பிடியாது காக்கும் முறையைக் கண்ட லிஸ்டருக்கு ஆசிரியரும் மாமனாரும் ஆனார். மழையங்கி அவர் பெயரைத் தாங்கவில்லை.

அங்ஙனமாயின் மாக்கின்டாஷ் புதிதாகச் செய்தது யாது எனின், கூறுதும். இரப்பர்க் கரைசலைத் துணியின்மேற் பூசினால் நாப்தா ஆவியாகிப் போகும்; இரப்பர் மெல்லிய படலமாய்த் தங்கும். நீர் அதனை ஊடுருவாது. ஆனால் அப்படலம் பிசுபிசுப்பு உடையது. கையிலும் ஒட்டும், இருக்கையிலும் ஒட்டும். கொழுக்கட்டையின் மாவுக்குள்ளே பூரணம் அடங்கியிருத்தல் போல, இரப்பரை இரு துணிகளுக்கு இடையே அடக்கிவிடலாம் என்பதே மாக்கின்டாஷின் எண்ணம். ஒரு துணியிற் கரைசலைப் பூசி, அதன்மேல் மற்றொரு துணியைப் பரப்பி, உருளைகளுக்கு இடையே செலுத்தி அழுத்தினார். இரு துணிகளும் பிரிக்கலாகாதவாறு ஒன்றாயின. வெளியே தோன்றுவது துணி. உள்ளே நின்று நீரைத் தடுப்பது இரப்பர். ஒட்டுதல் என்னும் குற்றமே இங்கு இரு துணிகளையும் பிணைக்கும் குணமாயிற்று. 1823-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 17-ஆம் நாள் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

பருத்தி நெசவுக்குப் பெயர்போன மான்செஸ்டர் நகரில் பர்லி என்னும் குடும்பத்தாரின் ஆலைகள் இருந்தன. அவர்களோடு கூட்டுச் சேர்ந்து 1824-இல் மாக்கின்டாஷ் அங்கே தொழிற்சாலை தொடங்கினார். ஆர்க்டிக் நிலப்பகுதியை ஆராய 1825-இல் புறப்பட்ட ஜான் பிராங்க்ளினின் குழுவினர், மாக்கின்டாஷின் நீர் புகாத துணி போர்த்த சிறு படகு ஒன்றை உடன்கொண்டு சென்றனர். ஏறத்தாழ 9 அடி நீளமும் 85 பவுண்டு எடையும் உடைய அப்படகைக் கழற்றிப் பொதிகளாகக் கட்டித் தோளிற் சுமந்து செல்லலாம். வாதுமைக் கொட்டையின் ஓடு என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டிருந்தனர்.

அதே காலத்தில் இலண்டனில் தாமஸ் ஹான்காக் என்பவர் இரப்பர்த் தொழிலில் ஈடுபட்டிருந்தார். வெட்டிய இரப்பரின் துண்டுகள் வீணாதல் கண்டு, அவற்றை ஒன்றாக்கக் கருதி, பற்கள் பொருந்திய உருளையை ஓர் உள்ளறைக்குள் அமைத்துச் சுழற்றினார். துண்டுகள் இன்னும் சிறிதாகும் என எதிர்பார்த்தார். அவையோ மெல்லப்பட்டுச் சூடேறி, பிசைந்த மாவு போல் ஓருருண்டையாய்த் திரண்டன. இப்பொறியின் இயல்பைப் பிறர் அறியாமற் காக்க அவர் அதற்கு ஊறுகாய் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினாராம். மதில் எழுப்பி மறை காத்தார் மாக்கின்டாஷின் தந்தை. பெயரால் மறை காத்தார் ஹான்காக். அப்பொறியிற் பிசைந்த இரப்பர் எளிதிற் கரையும். கரைக்க வேண்டிய நாப்தாவும் குறையும். 1825-இல் மாக்கின்டாஷிடம் உரிமம் பெற்றுத் தொழில் செய்த ஹான்காக், பின்னர் அவருடைய கூட்டாளியாகவே ஆனார். இவரின்றி மான்செஸ்டர்த் தொழிற்சாலை செழித்திராது என்று துணிந்து கூறலாம்.

துணி வெளிவந்தவுடன் எல்லாம் நலமாய் முடிந்தது என்று மாணவர் கருதலாகாது. முதல் இடையூறு ஊசியால் விளைந்தது. துணியை வாங்கிய தையற்காரர் வழக்கம்போல் நெருங்கத் தைத்தனர். ஊசி நுழைந்த துளைதோறும் நீரும் நுழைந்தது. அணிந்தவர் தோளும் முதுகும் நனைந்தன. பழி துணியின்மேல் விழுந்தது. ஆகவே குழுமத்தார் தாமே அங்கிகளைத் தைத்து, தையல்களின்மேல் இரப்பர்க் கரைசல் பூசி அடைத்து விற்கத் தலைப்பட்டனர். அடுத்த இடையூறு நாற்றம். நாப்தாவின் வாடை அங்கியை விட்டு நீங்கவில்லை; வண்டியில் அருகே அமர்ந்தோர் வெறுத்தனர். கம்பளித் துணியிலுள்ள இயற்கை எண்ணெய் இரப்பரைக் கெடுத்தது. வியர்வை வெளியேற வழியின்மையால் உடல்நலம் குன்றும் என மருத்துவர் சிலர் எச்சரித்தனர். இவை யாவினும் பெரிய குறை பருவத்தைப் பொறுத்தது. குளிர்காலத்தில் அங்கி பலகை போல் விறைத்தது. கோடையில் உள்ளிருந்த இரப்பர் இளகிப் பசையாயிற்று.

இடையூறு பலவாயினும் அங்கிக்குத் தேவை இருந்தது. குதிரை வண்டிகளின் மேற்றட்டில் வெட்டவெளியில் அமர்ந்து நெடுந்தூரம் செல்வோர் அந்நாளிற் பலர். அவர்களுக்கு இது பேருதவியாயிற்று. பிறர் இம்முறையைக் களவாற் கைக்கொள்ளவும் தொடங்கினர். 1836-இல் குழுமத்தார் வழக்குத் தொடுத்தனர். காப்புரிமை மாக்கின்டாஷுக்கே செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. இரப்பர் கரைவதைச் சைம் முன்னரே கண்டிருந்தார். ஆயினும் இரு துணிகளை ஒன்றாக்கிய முறை மாக்கின்டாஷுடையது. ஆதலின் அத்தீர்ப்பு நேரிதே. வழக்கில் வெற்றி கிட்டினும் காலம் வேறு வகையில் எதிர்த்தது. 1830-இல் இலிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் இருப்புப்பாதைகள் விரைந்து பெருகின. கூரையுள்ள வண்டிகளில் மக்கள் செல்லவே, மழையங்கியின் தேவை குறைந்தது.

மாக்கின்டாஷ் இவ்வொரு தொழிலோடு நின்றாரல்லர். கிளாஸ்கோ வாயுச் சாலையின் மேலாளராய் இருந்த ஜேம்ஸ் போமான்ட் நீல்சன், இரும்பு உருக்கும் உலைக்குள் குளிர்ந்த காற்றுக்கு மாறாகச் சூடேற்றிய காற்றைச் செலுத்தினால் எரிபொருள் பெரிதும் மிச்சமாகும் எனக் கண்டார். உலைத்தொழிலார் குளிர்ந்த காற்றே சிறந்தது என்று அதுவரை நம்பியிருந்தனர். மாக்கின்டாஷ் நீல்சனுக்குத் துணைநின்று, 1828-இல் பெற்ற காப்புரிமையிற் பங்காளியும் ஆனார். ஸ்காட்லாந்தின் இரும்புத் தொழில் ஓங்கியது இம்முறையாலேயே. பெயர் இங்கும் மற்றவருடையதே. இலண்டன் இராயல் சங்கம் மாக்கின்டாஷை உறுப்பினராக்கிப் பெருமை செய்தது. அது அவரது இரசாயனப் பணியைக் கருதியே ஆகும்.

வெப்பத்திற்கு இளகாமலும் குளிருக்கு விறைக்காமலும் இரப்பரை நிலைநிறுத்துவது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை தேடிப் பலர் முயன்றனர். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் என்பவர் 1839-இல், கந்தகம் கலந்த இரப்பர் சூடான அடுப்பிற் பட்டும் உருகாது உறுதி பெறுதலைக் கண்டார். அவருடைய இரப்பர்த் துண்டுகள் சில 1842-இல் இங்கிலாந்தை அடைந்து ஹான்காக்கின் கைக்கு வந்தன. ஹான்காக் தாமும் பல சோதனைகள் செய்து அம்முறையைத் தெளிந்தார். உரோமானியரின் தீக்கடவுள் வல்கன். அக்கடவுளின் பெயரால் அம்முறைக்கு வல்கனைசேஷன் என்னும் பெயரை ஹான்காக்கின் நண்பர் வில்லியம் புரோக்டன் வகுத்துக் கொடுத்தார். ஹான்காக் தமது காப்புரிமையை நாடியது 1843-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள். குட்இயர் அமெரிக்காவில் உரிமை பெற்றது 1844-இல். சார்லஸ் மாக்கின்டாஷ் கிளாஸ்கோ நகரத்துத் தம் டன்சாட்டன் இல்லத்தில் உயிர் நீத்தது 1843-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள். அவருக்கு அப்போது வயது 76. தம் அங்கியின் குறை முற்றும் தீரும் வழி பிறந்ததை அவர் காணவில்லை. நான்கு திங்கள் குறைந்துவிட்டது. கிளாஸ்கோ பெருங்கோயிலின் வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய மைந்தர் ஜார்ஜ் தந்தையின் வரலாற்றை எழுதி 1847-இல் வெளியிட்டார்.

கந்தகத்தால் உறுதி பெற்ற இரப்பருக்கு உலகெங்கும் தேவை மிகுந்தது. காட்டு மரங்கள் போதாவாயின. ஹென்றி விக்கம் என்பவர் 1876-இல் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் முளைத்து, அந்நாற்றுகள் இலங்கைக்கும் பின்னர் மலாயாவுக்கும் சென்றன. அத்தோட்டங்களில் விடியற்காலையில் மரங்களைக் கீறிப் பால் இறக்கியவருள் தமிழகத்தினின்றும் சென்ற தொழிலாளர் மிகப் பலர். அவர்தம் துன்பங்கள் தனியே எழுதத்தக்க பெரும்பொருளாகும்.

இனி, பெயரின் பின் வரலாறு. மழையங்கியைக் குறிக்கும் பொதுச்சொல்லாக மாக்கின்டாஷ் என்பது 1836-இலேயே ஆங்கில அச்சில் ஏறிவிட்டது. அவர் உயிரோடிருந்தபோதே அவர் பெயர் உடையின் பெயராயிற்று என்பது இதனாற் புலனாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அறிஞர் தம் பெயரை எழுதியபோது ஆங்கில நெடுங்கணக்கிலுள்ள கே என்னும் எழுத்து அதில் இல்லை. அங்கியின் பெயரை எழுதுவோரோ அவ்வெழுத்தை இடையிற் செருகினர். அக்குலத்தாருட் பலர் அவ்வெழுத்தோடு எழுதும் வழக்கமுடையராதலின், மக்கள் அப்பெயரை அவ்வாறே கொண்டனர் போலும். அகராதிகளும் அதனையே தலைமைச் சொல்லாக ஏற்றுக்கொண்டன.

அவர் நிறுவிய குழுமம் அவர் பெயரோடு நெடுங்காலம் நடந்து, 20-ஆம் நூற்றாண்டில் டன்லப் நிறுவனத்தோடு இணைந்தது. டன்லப் என்பதும் காற்றடைத்த சக்கரப் பட்டையைச் செய்த ஸ்காட்லாந்தினர் ஒருவரின் பெயரே. கடனாளியாய் 1860-இல் இறந்த குட்இயரின் பெயரை, 1898-இல் அமெரிக்காவில் எழுந்த ஒரு பெருநிறுவனம் தனக்குச் சூட்டிக்கொண்டது. அவர் குடும்பத்தாருக்கு அதில் யாதொரு தொடர்பும் இல்லை. கந்தகத்தின் நுட்பம் அறிந்து அங்கியைக் காத்த ஹான்காக்கின் பெயரோ எப்பொருளுக்கும் ஆகவில்லை. அவர் 1857-இல் தம் அனுபவங்களை ஒரு நூலாக எழுதி வைத்தார். இரப்பர் வரலாறு எழுதுவோர் இன்றும் அந்நூலையே முதலிற் புரட்டுகின்றனர்.

இக்காலத்து மழையங்கிகளிற் பெரும்பாலானவற்றில் இரப்பர் இல்லை. நைலான் முதலிய செயற்கை இழைகளால் அவை நெய்யப்படுகின்றன. ஆயினும் இங்கிலாந்தில் எத்தகைய மழையங்கியையும் மாக் என்றே அழைக்கின்றனர். தமிழ்நாட்டில் மழையங்கிக்கு இப்பெயர் பரவவில்லை. ரெயின்கோட்டு என்பதே நம் மக்கள் நாவில் வழங்குவது. எனினும் மருத்துவமனைகளில் இச்சொல் வேறு பொருளில் வழங்குகின்றது. நோயாளியின் படுக்கை நனையாதிருக்க அதன்மேல் விரிக்கப்படும் இரப்பர் விரிப்பைச் செவிலியர் மாக்கின்டாஷ் என்றே கேட்டு வாங்குவர். அங்கியிலிருந்து விரிப்புக்கு அப்பெயர் இரண்டாம் முறை ஆகியிருக்கின்றது.